மஞ்சள் குடை நட்ட இடம்

"குனியுங்க. இன்னும் கொஞ்சம். முகம் அந்த வடிகால் மூடிக்குக் கிட்ட போகணும்."

"எனக்கு முட்டி பிடிச்சுக்கும்."

"வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு உங்க வயசுதான். அவங்க குனிவாங்க. நீங்களும் குனியுங்க."

குடையக்காவின் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் குனிந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் இந்த மனிதர் எதைத் தொலைத்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். வாரமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டே தொண்டை வறண்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் அவர் தனி ஆளாகப் பதினைந்து பேராக நடிக்க வேண்டியிருந்தது.

"இப்ப மூடியைப் போட்டோ எடுங்க."

"எடுத்தாச்சு."

"ஒரு ஆள்தான் எடுத்திருக்கார். மிச்சப் பேர் எடுக்க வேண்டாமா? அப்படியே இருங்க." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல ஒரு ஆளுக்காவது முட்டி நல்லா இருக்கும் இல்ல? அந்த ஆளா நான் நடிக்கக் கூடாதா?"

இதற்குப் பெயர் ஒத்திகை. எந்தக் குழுவையும் அழைத்துப் போவதற்கு முந்தின நாள், அதே வழியில், அதே வேகத்தில், நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்று நடந்து பார்த்தால்தான் குடையக்காவுக்கு ராத்திரி தூக்கம் வரும். எந்தக் கழிப்பறை பூட்டியிருக்கிறது, எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த பெஞ்சுக்கு அன்று பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கைவிரலில் இருக்க வேண்டும்.

ஆசைப்பட்டு ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. அவள் பயத்தில் சுற்றியவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் ரொட்டி வாங்கப் போனாள்; திரும்பும்போது வழி தப்பிவிட்டது. குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு ராஜாவின் சிலையை அவள் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு தடவையும் ராஜா அவளைக் கொஞ்சம் கூடுதலாக முறைப்பதுபோலத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் படித்த பாஷைதான் இந்த ஊரிலும். இலக்கணம் தப்பாமல் வழி கேட்டாள். ஆனால் பதில் சொன்னவர்களின் வேகம் பாடப்புத்தகத்தில் இருந்ததில்லை. கடைசியில் கணவரே தேடிக்கொண்டு வந்து கண்டுபிடித்தார். ரொட்டியில் பாதியைப் புறாக்களுக்குப் போட்டிருந்தாள். இனிமேல் இந்த ஊர் தன்னை ஏமாற்றக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். மகள் பிறந்ததும் தள்ளுவண்டியில் அவளைப் போட்டுக்கொண்டு சந்து சந்தாக நடந்தாள். மகள் நடக்கப் பழகுவதற்குள் அம்மாவுக்கு ஊர் மனப்பாடம்.

கொழுந்தன் சுற்றுலா பஸ் வாங்கியபோது, மைக்கைப் பிடிக்க ஆள் தேடி அலையவே இல்லை. "அண்ணி, நீங்க வீட்டுல பேசறதையே பஸ்ஸுல பேசுங்க. போதும்" என்றான். அப்படித்தான் ஆரம்பித்தது. கூட்டத்தில் அவளைத் தவறவிடாமல் இருக்க ஒரு மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தாள். அந்தக் குடையை யாரும் விரித்துப் பார்த்ததில்லை. மழை கொட்டினாலும் மடக்கியபடியே தூக்கிப் பிடித்து நனைவாள். விரித்தால் உயரம் குறைந்துவிடுமாம். தலை எண்ணுவதும் அப்போது வந்த பழக்கம்தான். மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது வாய்விட்டு எண்ணி, "ஒரு ஆள் குறையுது, யாரும் ஏற வேண்டாம்" என்று சொல்லி மானத்தை வாங்கினாள். குறைந்த ஆள் அவளேதான்.

பஸ் வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வடிகால் மூடி குறுக்கே வரும்வரை.

ஒருநாள் வேறு கம்பெனியின் பஸ் பழுதாகி, அதிலிருந்த கூட்டத்தைக் கொழுந்தன் ஏற்றிக்கொண்டான். பெரிய நீரூற்று வந்ததும் வழக்கம்போல இறக்கி, குடையை உயர்த்தி, "இதோ, உங்களுக்கு முன்னாடி தெரியறது" என்று ஆரம்பித்தாள். முன்னாடி ஒருவருமில்லை. எல்லாரும் நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் குனிந்திருந்தார்கள். ஒரு பெண் மண்டியிட்டு, கன்னத்தைக் கல்லில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய மோதிரமோ விழுந்துவிட்டது என்று குடையக்கா பதறிப்போய்த் தானும் மண்டியிட்டாள்.

"என்னங்க விழுந்துச்சு? தங்கமா?"

"ஒண்ணும் விழலைங்க. தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறோம்."

"எந்தத் தண்ணி?"

"மழை பெஞ்சா வருமில்ல, அந்தத் தண்ணி."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வராத மழையின் தண்ணீர் எங்கே போகும் என்று தரையில் படுத்துப் பார்க்கிற ஜனங்களை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. விசாரித்தபோது, அவர்களெல்லாம் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுகள் என்று தெரிந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் விட்டுவைத்த இடத்தையெல்லாம் வரைகிறவர்கள்: பூங்கா, நடைபாதை, குளக்கரை, மரத்தடி, மரத்தடியில் போடுகிற பெஞ்சு, பெஞ்சின் அடிப்பக்கம். ஆம், அடிப்பக்கத்தையும் பார்த்தார்கள். சிலையைப் பார்க்கவில்லை, சிலையின் நிழல் மதியம் எங்கே விழும் என்று கேட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. வழி தவறிய நாளில் அந்த நிழலில்தான் நின்றிருந்தாள். இத்தனை வருஷம் மைக்கில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஊர் அன்று அவளுக்கே புதிதாக இருந்தது.

அதற்குப்பின் பஸ்ஸில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. நீரூற்று வந்தால் கண் தானாக வடிகாலுக்குப் போயிற்று. அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் தனியாக நடைச்சுற்று நடத்தப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தாள்.

கொழுந்தன் சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றான். "அண்ணி, அரண்மனையைக் காட்டினாலே பாதி பஸ் தூங்குது. புல்லைப் பாக்க எவன் வருவான்? ஆடு மாடுதான் வரும்."

"வரும்போது சொல்றேன் தம்பி. நீங்க டிக்கெட் கிழிச்சுக் குடுங்க."

"சரி, ஒரே ஒரு தடவை பாருங்க. சரிப்பட்டு வரலைன்னா மறுநாள் காலைல மைக் உங்களுக்காகக் காத்திருக்கும். நான் வேற ஆளைப் போடாம வச்சிருக்கேன்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் உறுத்தியது. திட்டியிருந்தால் வீம்புக்காவது இன்னும் இரண்டு தடவை நடத்திப் பார்த்திருப்பாள்.

முதல் குழுவும் கிடைத்தது. அதன் தலைவி நெடுநெடுவென்ற உயரம். குடையக்கா மனத்துக்குள் அவளுக்கு 'ஒட்டகச்சிவிங்கி' என்று பெயர் வைத்துவிட்டாள். சுற்று பிடித்துப்போனால் தங்கள் சங்கத்துக்காரர்களை ஆண்டுதோறும் அவளிடமே அனுப்புவதாக ஒட்டகச்சிவிங்கி எழுதியிருந்தாள். கூடவே ஒரு வரி: "மற்றதெல்லாம் படத்தில் பார்த்துவிட்டோம். நாங்கள் முக்கியமாக வருவது அந்தப் புல் சரிவுக்காகத்தான்."

அந்தப் புல் சரிவு ஊர் நடுப் பூங்காவின் ஓரத்தில் இருந்தது. மேலே வரிசையாக அலுவலகங்கள், கீழே பஸ் நிலையமும் அதையொட்டிச் சாப்பாட்டுக் கடைகளும், நடுவில் சரிவு. பூங்காவை வரைந்தவர் அழகான வளைவாக ஒரு கல்பாதை போட்டிருந்தார். அதில் ஒரு ஜீவனும் நடப்பதில்லை. பசியோடு வருகிறவன் வளைந்து போவானா? எல்லாரும் புல்லுக்குக் குறுக்கே நேராக இறங்கி இறங்கி, செருப்பு அகலத்துக்கு மண் தெரிகிற ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. போதாததற்குப் புல் வெட்டும் இயந்திரம் பழுதாகி நெடுநாள் கிடந்ததில், இரண்டு பக்கமும் புல் இடுப்பளவு வளர்ந்து, யாரும் விதைக்காத ஊதாப் பூவெல்லாம் பூத்துக் குலுங்கியது. கல்பாதை போட்டவரின் கணக்கும் நடக்கிறவர்களின் காலும் எங்கே பிரிகின்றன என்பது அங்கே வரைந்து வைத்தாற்போல் தெரியும். அதற்காகத்தான் அத்தனை தூரத்திலிருந்து வந்தார்கள்.

ஒத்திகையின் முக்கிய நிறுத்தமும் அதுதான். சாலையைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துவரக் குடையக்கா சிக்னலுக்குப் போனாள். பதினைந்து பேராக நடந்து களைத்த கணவர் பெஞ்சில் சாய்ந்தார். பக்கத்தில் தலைமைத் தோட்டக்காரர் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்கள், ஒரு பெஞ்சு, பேச்சுக்கா பஞ்சம்?

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலிருந்து எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. குளக்கரையில் கால் மணி நேரம் ஒரே ஒரு படிக்கட்டைப் பார்த்தார்கள். கடைத்தெரு வடிகால் மூடியில், கணவர் குனிந்த அதே இடத்தில், அதே கோணத்தில் அத்தனை பேரும் குனிந்தார்கள். எப்போதும் அளவு நாடாவும் கையுமாகத் திரிந்த ஒரு குண்டு மனிதர் பெஞ்சு, குப்பைத் தொட்டி, மரத்தின் இடுப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தார். குடையக்காவின் குடையையும் அளந்தார்.

"மேடம், அந்தச் சரிவு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒட்டகச்சிவிங்கி மூன்றாம் தடவையாகக் கேட்டாள்.

"இதோ, இந்த மூலை திரும்பினா வந்துடும்."

மூலை திரும்பினார்கள். குடையக்காவின் கையிலிருந்த குடை தானாகக் கீழே இறங்கியது.

சரிவு மழித்த கன்னம்போல வழவழவென்று இருந்தது. ஊதாப் பூ ஒன்றுகூட இல்லை. ஒற்றையடிப் பாதையின் மேல், பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி விற்கிற பச்சைப் புல்லைக் கொண்டுவந்து விரித்து மூடியிருந்தார்கள். மேல் விளிம்பு முழுக்கக் குச்சி நட்டு வெள்ளைக் கயிறு கட்டி, கயிறு நெடுகப் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அதன் நடுவே சலவை மடிப்புக் கலையாத சீருடையில், கையில் புது விளக்குமாற்றுடன், தோட்டக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாமனாரைப்போல நின்றிருந்தார்.

குடையக்கா இரண்டடி ஒதுங்கி, கணவருக்கு போன் போட்டாள்.

"நேத்து அந்தத் தோட்டக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே. சும்மா பேசிட்டிருந்தோம். நாளைக்குத் தோட்டக்கலையையே கரைச்சுக் குடிச்சவங்கல்லாம் உங்க பூங்காவைப் பாக்க வர்றாங்கன்னு பெருமையாத்தான் சொன்னேன். ஏன்?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டியா?"

அவள் துண்டித்தாள். நாளைக் காலை பஸ். மைக். 'உங்களுக்கு முன்னாடி தெரியறது.' கொழுந்தன் ஒரு வார்த்தை குத்திக்காட்ட மாட்டான். சிரித்துக்கொண்டே முன் இருக்கையைத் துடைத்துக் கொடுப்பான். அதை நினைக்கவே முடியவில்லை.

பேசாமல் ரோஜாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடலாமா? 'அந்தச் சரிவு இன்னைக்கு மூடியிருக்கு' என்று ஒரு பொய். ஆனால் தோட்டக்காரர் அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டார். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"வாங்க வாங்க! ராத்திரி முழுக்க ஆள் போட்டுச் சுத்தம் பண்ணிட்டோம்மா. காடு மாதிரி கிடந்துச்சு. உங்க வீட்டுக்காரர் நல்ல வேளை முன்கூட்டியே சொன்னார். இல்லைன்னா எங்க மானமே போயிருக்கும்."

நாடாக்காரர் நாடாவைச் சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார். ஒட்டகச்சிவிங்கி மெல்ல, "மேடம், நாங்க பாக்க வந்தது…" என்று ஆரம்பித்தாள்.

"அதை நேத்து ராத்திரி வரைக்கும் பாத்திருக்கலாம்" என்றாள் குடையக்கா. எப்படியோ சொல்லிவிட்டாள். சொன்னபின் மற்றதும் வந்தது. "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு, உங்களுக்காகத் தலைசீவிப் பொட்டு வச்சு உக்கார வச்சிருக்காங்க. தப்பு அவர் மேல இல்லை. விருந்தாளி வர்றாங்கன்னா நாமளும் வீட்டைப் பெருக்குவோமே. தப்பு என் வீட்டுக்காரர் மேல. அதை நான் பாத்துக்கறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தோட்டக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் தன்னைப் பார்த்ததால் அவரும் சிரித்து வைத்தார்.

அப்போதுதான் மேலே ஒரு அலுவலகக் கதவு திறந்து மூடியது. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குடையக்காவின் பார்வை கயிற்றின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அத்தனை பசித்த வயிறும் இந்தக் கயிற்றுக்கு முன் வந்து நிற்கும்.

"உக்காருங்க" என்றாள். "எல்லாரும் இங்கயே புல்லுல உக்காருங்க. பழைய பாதையைப் பாக்க முடியலை. புதுசு எங்க விழுதுன்னு பாப்போமே."

ஒட்டகச்சிவிங்கியின் புருவம் உயர்ந்தது. "எங்க தாண்டுவாங்கன்னு நினைக்கறீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? பந்தயம் வச்சுக்கலாம். அவங்கவங்க நினைக்கற இடத்துல ஒரு பொருளை வைங்க."

அடுத்த நொடி அந்தப் படித்த கூட்டம் பள்ளிக்கூட மணியடித்த பிள்ளைகளாகிவிட்டது. கயிறு நெடுகத் தொப்பி, தண்ணீர் பாட்டில், பென்சில் பெட்டி, ஒரு காலணி என்று விழுந்தன. நாடாக்காரர் சரிவின் சாய்வை அளந்து, மனக்கணக்குப் போட்டு, நாடாவையே வைத்தார். ஒட்டகச்சிவிங்கி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்ப எனக்கு எதுவும் தெரியலை, யாராவது வந்தா சொல்லுங்க" என்றாள். விஷயம் மெதுவாகப் புரிந்துபோன தோட்டக்காரர், "யாரும் தாண்ட மாட்டாங்க! கயிறு கட்டியிருக்கேன்ல!" என்று கல்பாதையின் வாயில் தன் தொப்பியை வைத்தார். குடையக்கா வேறெதுவும் கையில் இல்லாததால், தனக்குத் தோன்றிய இடத்தில், கயிற்றுக்கு உட்புறம், ஈரப் புல்லில் மஞ்சள் குடையைக் குத்தி நிறுத்தினாள்.

முதலில் வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு மனிதர். கயிற்றைக் கண்டு திடுக்கிட்டு நின்றார். கல்பாதையைப் பார்த்தார். தோட்டக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் கண் மஞ்சள் குடைமேல் விழுந்தது. "ஓ, இந்தப் பக்கமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு பூந்தொட்டியை மரியாதையாக ஓரம் தள்ளி வைத்து, கயிற்றைத் தூக்கி, குடையை ஒட்டி இறங்கிப் போனார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் யோசிக்கவே இல்லை. அதற்கடுத்து மூன்று பெண்கள் பேச்சை நிறுத்தாமலே தாண்டினார்கள். தள்ளுவண்டியோடு ஒருத்தி வந்தாள். முன்பின் தெரியாத ஒருவர் அவளுக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் விட முடியாமல் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அழுகுணி ஆட்டம்!" என்று நாடாக்காரர் குதித்தார். "குடையைப் பாத்து வழின்னு நினைச்சுட்டாங்க! இது செல்லாது!"

"நான் என்னங்க பண்ணேன்? ஒரு குடையை நட்டேன். யாரையாவது கையைப் பிடிச்சு இழுத்தேனா?"

"நாங்களும் அதைத்தான் பண்றோம் அக்கா," என்றாள் ஒட்டகச்சிவிங்கி, சிரித்ததில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "என்ன, எங்களுக்கு ரெண்டு வருஷமும் நாலு மீட்டிங்கும் ஆகும்."

தோட்டக்காரர் முதலில் ஓடி ஓடித் தடுத்தார். பிறகு தொட்டிகளை மட்டும் காப்பாற்றினார். கடைசியில் இடுப்பில் கைவைத்து நின்று, "இவங்களுக்கு நல்ல வழியே பிடிக்காதா?" என்று கேட்டார். அவரை நடுவில் உட்காரவைத்து, இந்தச் சரிவில் மழைத் தண்ணீர் எங்கே தேங்கும் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். தன் வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி அது போலிருக்கிறது. மனிதர் முகம் மலர்ந்து, கை நீட்டி நீட்டிக் காட்டினார்.

கிளம்பும்போது குடையக்கா குடையைப் பிடுங்கப் போனாள். ஒட்டகச்சிவிங்கி தடுத்துவிட்டாள். "வேண்டாம், வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும். பாதை உறுதியாகட்டும்."

"அப்புறம் நான் எதைத் தூக்கிட்டுப் போவேன்?"

தோட்டக்காரர் தன் புது விளக்குமாற்றை நீட்டினார்.

அன்று மாலை வரை குடையக்கா விளக்குமாற்றை உயர்த்திப் பிடித்தபடி ஊரின் முக்கியத் தெருக்களில் நடந்தாள். பின்னால் பதினைந்து நிபுணர்கள், தலை குறையாமல். பெரிய நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் அவர்களைக் கடந்தது. முன் இருக்கையிலிருந்து கொழுந்தன் வாயைப் பிளந்தபடி எட்டிப் பார்த்தான். அடுத்த நிமிஷம் போன்.

"அண்ணி! என்ன கூத்து இது? விளக்குமாறும் கையுமா எங்க போறீங்க?"

"வேலையா இருக்கேன் தம்பி. அப்புறம் பேசறேன்."

"இல்லை, பஸ்ஸுல இருக்கறவங்கல்லாம் என்னைக் கேக்கறாங்க, அது என்ன டூர்னு. இறங்கிக்கலாமான்னு ரெண்டு பேர்…"

"டிக்கெட் நீங்களே கிழிச்சுக் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விடைபெறும்போது ஒட்டகச்சிவிங்கி சுற்று எப்படியிருந்தது என்று சொல்லவே இல்லை. குடையக்காவும் கேட்கப் பயந்து, தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஒரு காலை வைத்த பிறகுதான் ஒட்டகச்சிவிங்கி திரும்பினாள். "மழைக்காலம் முடிஞ்சதும் அடுத்த குழுவை அனுப்பறேன் அக்கா. அந்தப் புல்லு தேஞ்சு எவ்வளவு மண்ணு தெரியுதுன்னு அவங்க அளந்துட்டு வரணும். அதுக்கடுத்த வருஷம் நானே வருவேன். ஒரு பாதை பிறக்கறதைப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போக முடியுமா?"

மறுநாள் காலை பஸ்ஸில் மைக் காத்திருந்தது. அவள் போகவில்லை. கொழுந்தன் இரண்டு நாள் தானே பேசிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வேறு ஆள் போட்டான்.

மழை முடிந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை, மறுபடி ஒத்திகை. கணவர் முட்டிக்குப் பட்டை போட்டுக்கொண்டு பதினைந்து பேராக வந்தார். சரிவில் கயிறு இருந்த சுவடே இல்லை. குடை நின்ற இடத்திலிருந்து பஸ் நிலையம்வரை, செருப்பு அகலத்துக்கு மண் தெரிந்தது. பழைய பாதையிலிருந்து நாலடி தள்ளி, கொஞ்சம் கோணல்தான். ஊரே அந்தக் கோணலில் நடந்துகொண்டிருந்தது.

திரும்பக் கைக்கு வந்துவிட்ட குடையோடு அவள் சிக்னல் பக்கம் நகர்ந்ததும் தோட்டக்காரர் மெல்ல பெஞ்சுக்கு வந்தார்.

"சார், நாளைக்கு வர்றாங்களாமே. இந்தத் தடவை வெட்டணுமா, வெட்டக் கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் மஞ்சள் குடை அவர் பக்கமாகத் திரும்பி நின்றது.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார். "நான் உங்களைப் பாக்கவே இல்லை."